சொல்தா மாமாவின் குரல்

ஜூலை 14 வந்தால் எனக்கு எங்கள் தெரு சொல்தா மாமா நினைவுக்கு வந்துவிடுவார். முதல் நாள் மாலையே கோட்டை இஸ்திரி போட்டு, பதக்கங்களைத் துடைத்து மார்பில் வரிசையாகக் குத்திப் பார்த்துக்கொள்வார். மறுநாள் கடற்கரைச் சாலையில், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1938-ல் திறந்துவைத்த நினைவுச் சின்னத்துக்கு முன்னால் விறைப்பாக நிற்பார். நவம்பர் 11-ஆம் தேதியும் அப்படித்தான். மற்ற நாட்களில் லுங்கியும் பனியனுமாகத் திண்ணையில் இருப்பார். அவர் மறைந்து பல வருடங்கள் ஆகின்றன. பெயரை எழுத வேண்டாம் என்று அவருடைய மகள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெறும் மாமா என்றே எழுதுகிறேன். கதையை எழுதிக்கொள்ளச் சம்மதம் தந்தது அந்த மகள்தான்.

புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்தா என்றால் விளக்க வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வரி. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து வேலை பார்த்த நம் ஊர் ஆட்களுக்கு நாம் வைத்த பெயர் அது. இந்தோசீனா, அல்ஜீரியா என்று பிரான்ஸ் எங்கே சண்டை போட்டதோ அங்கெல்லாம் இவர்களில் பலர் போனார்கள். சாமான் செட்டோடும் பென்ஷனோடும் திரும்பினார்கள். ஊரில் அவர்களைப் பற்றி இரண்டு விதப் பேச்சு இருந்தது. முகத்துக்கு முன்னால் மரியாதை. முதுகுக்குப் பின்னால், "வெள்ளைக்காரனுக்குக் கூலிக்குச் சண்டை போட்டவன்." இரண்டையும் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். அதற்குப் பிறகு முப்பத்தேழு வருடம் புதுவை அரசில் எழுத்தர். பிரெஞ்சு தெரிந்த காரணத்தால் தெருவில் எனக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. பென்ஷன் வாங்கும் சொல்தாக்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் பாரம் நிரப்பிக் கொடுப்பேன். வருடா வருடம் 'செர்த்திஃபிகா த வீ' கொடுக்க வேண்டும். இன்ன ஆள் உயிரோடு இருக்கிறார் என்கிற சான்றிதழ். பெயர், பிறந்த தேதி, பென்ஷன் எண், கையெழுத்து. மாமாவுக்கு மட்டும் முப்பது தடவையாவது நிரப்பியிருப்பேன். அவருடைய 'லிவ்ரே மிலித்தேர்', அதாவது படைவீரர் கையேடு, எனக்கு மனப்பாடம். எந்த வருடம் எந்தப் படைப்பிரிவு, எப்போது கப்ரால் ஆனார், எல்லாம் தெரியும். ஆனால், "மாமா, அங்கே என்ன நடந்தது?" என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. காகிதத்தில் எல்லாம் இருக்கிறதே என்ற நினைப்பு.

2009-ல் ஓய்வு பெற்றேன். சும்மா உட்கார முடியவில்லை. எங்கள் பக்கத்துத் தெருக்களில் மிச்சமிருந்த பழைய சொல்தாக்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சாவுக்கும் போய்த் திரும்பும்போது, இவரோடு ஒரு பெட்டிக் கதை போய்விட்டதே என்று தோன்றும். 2012-ல் என் மகன் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி வாங்கித் தந்தான். முதலில் போனது மாமா வீட்டுக்குத்தான். அப்போது அவருக்கு எண்பத்திரண்டு வயது.

முதல் நாள் பதிவு மொத்தம் பதினோரு நிமிடம். தப்பு என்னுடையது. ஆபீஸ் பழக்கத்தில் நாற்பது கேள்வி எழுதிக்கொண்டு போனேன். "எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள்? எந்த ரெஜிமெண்ட்?" அவரும் ஆபீசில் பதில் சொல்வது போலவே சொன்னார். நடுவில், "அம்பத்திமூணுல ஹனோய்க்கு வந்தோம்" என்றார். நான் கையேட்டைப் புரட்டி, "ஐம்பத்திரண்டு என்றல்லவா போட்டிருக்கிறது" என்றேன். "அப்ப அதுதான் சரியா இருக்கும் தம்பி. அதையே எழுதிக்க" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் எல்லாக் கேள்விக்கும் ஆமாம், இல்லைதான்.

வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பாதி நேரம் என் குரல்தான் கேட்டது.

அடுத்த வாரம் காகிதம் இல்லாமல் போனேன். கருவியை மோடாவின் மேல் வைத்துவிட்டு, "மாமா, அங்கே காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டேன். அவ்வளவுதான். ரொட்டி, டப்பா மீன், கறுப்புக் காப்பி என்று தொடங்கினார். டப்பா மீனை அங்கத்திய கிராமத்துக் கிழவியிடம் கொடுத்துச் சோறு வாங்கித் தின்றதைச் சொன்னார். சிவப்பு ஆற்றின் சமவெளியில் ஒரு காவல் நிலையம். சுற்றிலும் நெல் வயல். கூம்புத் தொப்பி போட்ட பெண்கள் நாற்று நடுவார்கள்.

"பாகூர் ஏரிக்கரையில துப்பாக்கியோட நின்னா எப்படி இருக்கும் தம்பி, அப்படி இருக்கும். பகல்ல நடவு நடறவன்தான் ராத்திரி சுடறான்னு அதிகாரி சொல்லுவாரு. எனக்கு அவங்களைப் பார்த்தா எங்க சித்தப்பன் மாதிரி இருக்கும். யாரைச் சுடறது?"

தியன் பியன் பூவைப் பற்றி எல்லோரையும் போல நானும் கேட்டேன். 1954 மே 7-ல் பிரெஞ்சுப் படை அங்கே விழுந்ததைப் பாடத்தில் படித்தவன் இல்லையா. "நான் அங்க இல்ல தம்பி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அங்கே இருந்ததாக ஒரு கதை சொல்லியிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் சொன்ன எதையும் நான் கையேட்டோடு ஒப்பிடவில்லை.

அதே வருடம் ஜூலையில் ஜெனீவாவில் சண்டை நிறுத்தம். நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அப்போது எனக்கு ஐந்து வயது, அப்பாவின் தோளில் உட்கார்ந்து கொடி பார்த்ததாக அம்மா சொல்வாள். மாமா அன்று சைகோனில் கப்பலுக்குக் காத்திருந்தாராம். "நான் புறப்பட்டப்ப இது பிரெஞ்சு ஊரு. சலங்குல ஏறிக் கப்பலுக்குப் போனேன். திரும்பி வந்தா கவர்னர் மாளிகையில வேற கொடி. நல்லதுதான். ஆனா எந்தக் கொடிக்கு சலாம் போடறதுன்னு கை கொஞ்சம் தடுமாறிச்சு."

1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் இருந்தது. மாமா எழுதிக் கொடுத்தார். "பென்ஷனுக்காகத்தான், மறைக்க என்ன இருக்கு" என்றும் பதிவில் சொல்லியிருக்கிறார்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்றாம் நாள் பதிவின்போது அத்தை, அதாவது அவர் மனைவி, அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் உட்கார்ந்தார். கையில் பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே இந்தோசீனாவிலிருந்து மாமா போட்ட கடிதங்கள். எல்லாம் பிரெஞ்சில். மாமாவுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அத்தைக்கோ எந்த எழுத்தும் தெரியாது. அந்தக் காலத்தில் அத்தையின் மாமியார் அவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார். பிரெஞ்சு நிர்வாகத்தில் எழுத்தராக இருந்த என் அப்பா கடிதத்தைப் படித்துத் தமிழில் சொல்வார். பதிலையும் அவரே பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பார்.

"உங்க அப்பா படிச்சது ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம் தம்பி. இதை ஒரு தரம் நீ படியேன். கேக்கணும் போல இருக்கு" என்று ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். பிள்ளைகள் பிரெஞ்சு படித்தவர்கள்தான். புருஷன் எழுதியதைப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வெட்கமாம்.

1953 நவம்பரில் எழுதியது. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தையே சொல்ல ஆரம்பித்தார். "நான் சௌக்கியம். இங்கே மழை. அம்மாவைப் பார்த்துக்கொள். பொங்கலுக்கு ஒரு நல்ல புடவை எடுத்துக்கொள். இதுதானே?"

கடிதத்தில் அது இல்லை. தொடையில் குண்டுச் சிதறல் பாய்ந்து ஹனோய் ராணுவ மருத்துவமனையில் படுத்திருப்பதாக எழுதியிருந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் அன்று காலை இறந்துபோனான் என்று இருந்தது. கடைசியில் புடவை என்ற சொல் மட்டும் இருந்தது. ஆனால் வேறு விதமாக. நான் திரும்பி வராவிட்டால் நீ வெள்ளைப் புடவை கட்டாதே, உனக்குப் பதினெட்டு வயதுதான், உன் அம்மா வீட்டுக்குப் போய்விடு, வேறு வாழ்க்கை அமைத்துக்கொள், இதற்கு உன் பதில் எனக்கு வேண்டும்.

கருவி ஓடிக்கொண்டிருந்தது. மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும் அதில் என்ன இருக்கிறது என்று. அப்பா செய்த மாதிரியே நானும் படித்துவிட்டு டப்பாவில் போட்டுவிடலாம். ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு மாமாவிடம், "படிக்கட்டுமா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார்.

முழுவதும் படித்தேன். பதிவில் அதற்குப் பிறகு ரொம்ப நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

பிறகு மாமா பேசினார். "நீதான் பதில் போட்டியே. புடவை எடுத்துக்கிட்டேன், நீலக் கலர்னு. படிச்சதும் எனக்கு அழுகை வந்துருச்சு. வெள்ளை இல்ல, நீலம்னு சொல்றா, ஒத்துக்கிட்டான்னு நினைச்சேன். நிம்மதியா இருந்துச்சு."

"நான் பொங்கலுக்கு இல்ல எடுத்தேன்!" என்றார் அத்தை.

அறுபது வருடம் ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணியிருக்கிறார்கள். அவர் திரும்பி வந்த பிறகு அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. உயிரோடு வந்தாயிற்று, இனி அந்தப் பேச்சு எதற்கு என்று அவர் விட்டுவிட்டார். அத்தைக்குப் பேச விஷயமே தெரியாது. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்படி எழுத எப்படி மனசு வந்துச்சு உனக்கு" என்று மாமாவைக் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. அத்தை எழுந்து காப்பி போடப் போனார். நான் கருவியை நிறுத்தினேன்.

அன்று ராத்திரி எனக்கு அப்பா மேல் கோபம். முப்பத்தேழு வருட உத்தியோகத்தில் அடுத்தவர் எழுதிய ஒரு வரியை நான் மாற்றியதில்லை. அதைக் கற்றுக் கொடுத்தவரே அப்பாதான். அவர் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, கேட்க வழியில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். திண்ணையில் பதினெட்டு வயதுப் பெண். பக்கத்தில் மாமியார். பெற்ற தாயின் முன்னால், "உன் மகன் திரும்பாவிட்டால் மருமகள் வேறு வாழ்க்கை அமைத்துக்கொள்ளட்டும்" என்று வாய்விட்டுப் படிக்க முடியுமா? நானாக இருந்தால் படித்திருப்பேனா? இன்றுவரை எனக்கு அதற்குப் பதில் இல்லை.

ஒரு வாரம் கழித்து அந்த வழியாகப் போனபோது அத்தை கூப்பிட்டார். "உங்க அப்பா மேல எனக்குக் கோவம் இல்ல தம்பி. அன்னிக்கு அதைக் கேட்டிருந்தா நான் செத்திருப்பேன். ஆனா இப்பக் கேட்டது நல்லதா போச்சு. என்னை அவரு நினைச்சிருக்காருன்னு தெரிஞ்சுது."

2015-ல் மாமா போனார். அடுத்த வருடமே அத்தையும். பதிவு மொத்தம் ஆறு மணி நேரம் இருக்கிறது. பிரான்சில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிரதி அனுப்பினேன். பேரன் ஒருவன் தினமும் கொஞ்சம் கேட்கிறானாம், தமிழ் புரியாவிட்டாலும்.

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு சட்டம் போட்டே இந்த வேலையைத் தொடங்கினார்கள். அவர்களுடைய காங்கிரஸ் நூலகம் போர்வீரர்களின் சொந்தக் கதைகளைக் குரலாகவும் படமாகவும் சேர்த்து வைக்கிறது. பேட்டி எடுப்பவர் பெரிய படிப்பாளியாக இருக்க வேண்டியதில்லை. பேரனோ பக்கத்து வீட்டுக்காரரோ எடுக்கலாம். முப்பது நிமிடமாவது இருக்க வேண்டும். கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பழைய சொல்தா இருக்கலாம், நம் இந்தியப் படையில் 1965-லும் 1971-லும் நின்றவர் இருக்கலாம். கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முதலில் சம்மதம் கேளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அல்லது கருவியை அதிலிருந்து தள்ளி வையுங்கள். சண்டையைக் கேட்காதீர்கள், சாப்பாட்டைக் கேளுங்கள். சண்டை தானாக வரும். வருடம் தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள். அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். வீட்டு அம்மாவையும் உட்கார வையுங்கள், பாதிக் கதை அவர்களிடம் இருக்கிறது. பழைய டப்பா ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் ஒரு கடிதம் வந்தால், உரக்கப் படிப்பதற்கு முன்னால் எழுதியவரை ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவுக்கு மூன்றாவது தெருவில் இன்னும் ஒருவர் இருக்கிறார். அல்ஜீரியாவில் இருந்தவர். காது சரியாகக் கேட்காது, பேச்சு தெளிவாக இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். கேள்வித்தாள் எடுத்துப் போகப் போவதில்லை.