நூல் பிடித்த இருக்கைகள்

இரவு பதினொன்றரை. பெங்களூரில் ஒரு மாலின் பின்பக்கம், சரக்கு லாரிகள் ஒதுங்கும் மேடை. எட்டுக்கு நான்கு அடி ப்ளைவுட் பலகையை இரண்டு பேர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சரக்கு லிஃப்ட்டுக்குள் திருப்பிக்கொண்டிருந்தார்கள். வாசல் காவலாளி நோட்டை நீட்டினார். பெயர், செல் நம்பர், என்ன வேலை. மூன்றாவது கட்டத்தில் என் பேனா நின்றுவிட்டது. “ஹெல்பர்னு போடுங்க சார். அதுலதான் யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க” என்றார் என்னை அழைத்துப்போக வந்த சூப்பர்வைசர். அடுத்த ஆறு இரவுகளுக்கு நான் ஹெல்பர்.

மூன்றாவது மாடியில் ஒரு ஸ்போர்ட்ஸ் பார் தயாராகிக்கொண்டிருந்தது. ‘பார்’ என்றால் நம் பக்கத்தில் மனசில் வருவது டாஸ்மாக் கடையை ஒட்டிய கொட்டகையும் பிளாஸ்டிக் டம்ளரும் சுண்டலும்தான். இது வேறு ஜாதி. அடிப்படையில் சாப்பாட்டுக் கடை; குடிக்கவும் செய்யலாம். ஆனால் ஜனங்கள் வருவது சுவர் சுவராக ஓடும் மேட்சுக்காக. மேட்ச் வீட்டிலேயே தெரியும், இங்கே இருப்பதைவிடத் தெளிவாகவே தெரியும். பக்கத்து மேசைக்காரன் எழுந்து கத்தும் அதே நொடியில் நாமும் எழுந்து கத்துவதுதான் வீட்டில் கிடைக்காதது. அந்த நொடியைப் பலகையாலும் ஆணியாலும் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன்.

மால் திறந்திருக்கும்போது இங்கே சத்தம் வரக்கூடாது, தூசி பறக்கக்கூடாது. முகப்புக் கண்ணாடியின் மேற்பகுதியை மட்டும் விட்டு மற்றதை அடைத்து, சிரிக்கும் முகங்களும் ‘விரைவில்’ என்ற வார்த்தையும் அச்சடித்த ஃப்ளெக்ஸ் ஒட்டியிருந்தார்கள். அதன் பின்னால் கட்டர் மிஷின், துளை போடும் மிஷின், ஒரு மண்பானைத் தண்ணீர். வெல்டிங் என்றால் அதற்குத் தனி அனுமதிச் சீட்டு, பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டரோடு ஒரு ஆள்.

சூப்பர்வைசருக்குச் செங்கம் பக்கம். ஐம்பதைத் தொடப்போகிறார். என்னிடம் தமிழ், காவலாளியிடம் கன்னடம், ஆசாரிகளிடம் இந்தி. மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். “டிசைன் எங்கேர்ந்து ஆரம்பிக்கும்னு நினைக்கிறீங்க?” என்று முதல் நாளே கேட்டார். நிறம், விளக்கு என்று நான் ஏதோ சொன்னேன். சிரித்துவிட்டுத் தரையின் ஒரு மூலையைக் காட்டினார். துணி அடைத்த குழாய் வாய் ஒன்று தெரிந்தது.

“சாக்கடை. இங்கேர்ந்துதான்.”

மால்காரர்கள் கடையை ஒப்படைக்கும்போது சுவர், தரை, கூரை மட்டும்தான். தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும் முன்பே முடிவாகியிருக்கும். கீழே துணிக்கடை இருக்கும்போது கான்கிரீட்டைக் குடைந்து புதுக் குழாய் இறக்க யார் விடுவார்கள்? பார் கவுன்டருக்கோ ஐஸ் தொட்டி, கழுவும் தொட்டி, பீர் குழாயின் கீழே சொட்டும் தட்டு என்று எல்லாவற்றுக்கும் வடிகால் வேண்டும். தண்ணீர் ஓடச் சரிவும் வேண்டும். வரைபடத்தில் நடுக்கூடத்தில் ஜம்மென்று இருந்த கவுன்டர் அதனால் மூலைக்கு வந்தது. கவுன்டரோடு அதன் தலைக்கு மேலிருக்கும் பெரிய டிவியும் வந்தது. டிவியைப் பார்த்து மேசைகள் திரும்பின. நாளை இங்கே உட்காரப்போகிறவன் எந்தத் திசையில் கத்துவான் என்பதை ஒரு குழாய் முடிவு செய்துவிட்டது.

மர வேலை முழுக்க ராஜஸ்தான்காரர்கள். தலைமை ஆசாரி நாகோர் ஜில்லா, சுதார் வகுப்பு. எல்லோரும் அவரை ‘மிஸ்திரிஜி’ என்கிறார்கள். கவுன்டரின் உயரம் 42 அங்குலம். அதன் முன் வரும் உயர ஸ்டூல் 30. இரண்டுக்கும் நடுவே ஒரு அடி, தொடை நுழைய. கால் தொங்கினால் முதுகு வலிக்கும் என்பதால் கீழே ஒரு பித்தளைக் கம்பி. வரைபடத்தில் இதெல்லாம் மில்லிமீட்டரில் இருக்கிறது. மிஸ்திரிஜி அதைப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். பிறகு கை பேசுகிறது.

கவுன்டரின் முன்விளிம்புக்குத் தேக்குப் பட்டை பொருத்திக்கொண்டிருந்தார். 30 அங்குலத்துக்கு ஒரு பெட்டியைச் செய்து அதன்மேல் உட்கார்ந்து, முழங்கையை விளிம்பில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். தோள் துளி உயர்ந்தாலும் உயரம் தப்பு. விளிம்பு கையை அறுத்தால் உருட்டல் போதாது. “தோ சூத்” என்றார் உதவியாளிடம். எனக்குப் பின்னாலிருந்து சூப்பர்வைசர், “ரெண்டு நூல் எடுக்கணுங்கிறார்” என்றார்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. நம் ஆசாரிகளின் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். இந்தியில் அதே அளவுக்கு ‘சூத்’; அதற்கும் அர்த்தம் நூல்தான். சுதார் என்ற வகுப்புப் பெயரே ‘சூத்ரதார்’ என்பதன் திரிபு: நூலைப் பிடிப்பவன். செங்கத்துக்காரரும் நாகோர்க்காரரும் வேறு எதற்கு மொழி தேடி நின்றாலும் இந்த இடத்தில் நிற்பதில்லை. இழைப்பு மிஷின் ஓடியது. மிஸ்திரிஜி மறுபடி முழங்கையை வைத்தார். இந்த முறை எடுக்கவில்லை. அப்படியே சாய்ந்து டீ கேட்டார்.

நூலுக்கு இன்னொரு வேலையும் இருந்ததை மூன்றாம் இரவு பார்த்தேன். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய நான்கு அடியில் இருக்கும். உயர ஸ்டூல் என்றால் ஐந்து. ஒவ்வொரு இருக்கை வரப்போகும் இடத்திலும் அந்த உயரத்துக்கு ஒரு குச்சியை நட்டு, உச்சியில் ஆணி அடித்து, நூலைக் கட்டி டிவியின் கீழ்விளிம்புவரை இழுத்தார்கள். முன்வரிசை நாற்காலியின் இடத்தில் இன்னொரு குச்சி. அதன்மேல் மஞ்சள் ஹெல்மெட் ஒன்றைக் கவிழ்த்தார்கள். அதுதான் முன்னால் இருப்பவரின் தலை. நூல் ஹெல்மெட்டைத் தொட்டால் அந்த இருக்கை ஃபெயில்.

இதனால்தான் முன்னால் தாழ்ந்த மேசை, நடுவில் ஆறு அங்குலம் உயர்த்திய ப்ளைவுட் மேடை, கடைசியில் உயர ஸ்டூல். ஸ்டேடியத்து கேலரியை இரண்டு அடிக்குள் மடக்கி வைத்ததுபோல. கவுன்டருக்குப் பின்னால் பரிமாறுகிறவர் நிற்பார் என்பதால் அங்கே டிவி ஏழு அடிக்கு மேலே போகவேண்டும். மேலே போகப் போகப் பார்ப்பவரின் கழுத்து அண்ணாந்துவிடும். ஆகவே ஸ்டூலைப் பின்னால் தள்ளவேண்டும். தள்ளினால் நடைவழி குறையும். ஒரு நூலை இழுத்தால் இன்னொன்று தளர்ந்தது.

“எதுக்கு அண்ணே இவ்வளவு? வர்றவங்க கொஞ்சம் சாஞ்சு பாத்துக்க மாட்டாங்களா?” என்று கேட்டேன்.

நூலைச் சுற்றிக்கொண்டே சூப்பர்வைசர் சொன்னார். “1996 வேர்ல்டு கப் குவார்ட்டர் ஃபைனல் ஞாபகம் இருக்கா? மார்ச் 9. இந்தியா பாகிஸ்தான். இதே ஊர்ல, சின்னசாமி ஸ்டேடியத்துல. நான் ஊர்லேர்ந்து வந்து ஆறு மாசம். மார்க்கெட் பக்கம் ஒரு டிவி கடை வாசல்ல நின்னு பாத்தோம். ஆமிர் சொஹைல் ஃபோர் அடிச்சிட்டு, பேட்டைக் காட்டி மறுபடி அங்கதான் அடிப்பேன்னான் இல்ல? அடுத்த பால்ல வெங்கடேஷ் பிரசாத் ஸ்டம்பைத் தூக்கினாரு. எனக்கு முன்னால நாப்பது தலை சார். நான் குள்ளம். சத்தம்தான் கேட்டுச்சு. அந்த பாலை நான் பாக்கல.”

“அப்புறம் எத்தனையோ தடவை போட்டுக் காட்டியிருப்பாங்களே?”

“அது வேற சார்” என்றார்.

கூரைக்கு வருவோம். பதினான்கு அடி உயரத்தில் கான்கிரீட். ஏசி டக்ட்டும் குழாய்களும் ஒயர்களும் அதற்கு ஏறக்குறைய மூன்றடி கீழே. ஃபால்ஸ் சீலிங் போட்டால் உயரம் போகும். எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு அடித்துவிட்டால் கண் மேலே போகாது என்று தீர்மானித்திருந்தார்கள். பெயின்டர் ஏணியில் ஏறி, ஸ்ப்ரே மிஷினைத் தொடுவதற்கு முன்னால், தீயணைப்புத் தண்ணீர் தெளிக்கும் ஒவ்வொரு ஸ்ப்ரிங்க்ளர் தலைக்கும் ஒரு டீ கப்பை மாட்டினார். அந்தத் தலைக்குள் சிவப்புத் திரவம் நிரம்பிய சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கிறது. 68 டிகிரி சூட்டில் வெடித்துத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டிய குப்பி. மேலே பெயின்ட் படிந்தால் நேரத்துக்கு வெடிக்காது; அந்தத் தலையையே மாற்ற வேண்டும். கறுத்த கூரையில் வரிசையாகத் தொங்கிய காகிதக் கப்புகளை அன்றிரவு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தத்துக்கும் வைத்தியம் மேலே பாதி, கீழே பாதி. கண்ணாடி, கிரானைட், இரும்பு மூன்றும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். வெறும் கூடத்தில் நான் ஒரு கை தட்டினால் அது ஊசிபோல நீண்டது. கூரையில் பஞ்சுப் பலகைகள் வைத்தார்கள். மேசைகளைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்திலும் ஃபோம் ஒட்டினார்கள். கத்தவும் வேண்டும், எதிரே இருப்பவரிடம் “இன்னொரு ப்ளேட் சொல்லவா?” என்று கேட்கவும் வேண்டும் அல்லவா?

தப்பும் நடந்தது. நான்காம் நாள் ஏதோ வேலையாகப் பகல் இரண்டு மணிக்குப் போனோம். வலப்பக்கச் சுவரின் டிவியில் மைதானம் இல்லை. வெள்ளையாக ஒரு திட்டு. மாலின் நடுவே இருக்கும் கண்ணாடிக் கூரையிலிருந்து வெயில் இறங்கி, முகப்பு வழியாக நேரே திரையில் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு மாதமாக எல்லோரும் வேலை பார்த்தது இரவில். நூல் பிடித்தார்கள், ஹெல்மெட் வைத்தார்கள். சூரியனை மட்டும் யாரும் வைக்கவில்லை. சூப்பர்வைசர் திரையையே பார்த்தார். “ராத்திரி வேலை பாக்கிறவனுக்குப் பகல்னு ஒண்ணு இருக்கிறதே மறந்துடுது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றிரவு முகப்புக் கண்ணாடியின் மேற்பகுதியில் இரண்டடிக்குக் குறுக்குப் பட்டைகள் ஏறின. டிவியைக் கொஞ்சம் குனியவைத்தார்கள். வரைபடத்தில் இல்லாத அந்தப் பட்டைகளை, திறந்த பிறகு யாராவது அழகுக்கு என்று நினைக்கக்கூடும்.

எலக்ட்ரீஷியன் பையன் கிருஷ்ணகிரிக்காரன். அவனுடைய கவலை வேறு. ஒரு டிவியை டிஷ்ஷிலும் இன்னொன்றை இன்டர்நெட்டிலும் ஓட்டிக் காட்டினான். ஒன்றில் பந்து கேலரிக்குப் போய்விட்டது. மற்றதில் பௌலர் இன்னும் ஓடிவந்துகொண்டிருந்தார். “இப்படி விட்டா ஒரு மூலை கத்தும், இன்னொரு மூலை எதுக்குடா கத்துறாங்கன்னு பாக்கும்” என்றான். ஒரே பெட்டியிலிருந்து எல்லாத் திரைக்கும் பிரித்துக் கொடுக்கும் கருவியைச் சமையலறைப் பக்கத்து அலமாரியில் வைத்து, அங்கிருந்து சுவருக்குள் கேபிள் இழுத்திருந்தான். அந்த ஒரே நொடியின் முகவரி ஒரு பூட்டிய அலமாரி.

ஆறாம் இரவு ஒத்திகை. சுவரோரம் திருகிவைத்த நீள பெஞ்சுகள் தவிர நாற்காலிகள் இன்னும் வரவில்லை. இருபது லிட்டர் பெயின்ட் பக்கெட்டுகளைக் கவிழ்த்து, ஒவ்வொன்றின் மேலும் நான்கு ப்ளைவுட் துண்டுகளை அடுக்கினார்கள். பக்கெட் பதினைந்து அங்குலம், துண்டுகள் மூன்று. நாற்காலி உயரம் பதினெட்டு. ஆசாரிகள், பெயின்டர்கள், ஹெல்பர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஏதோ பழைய மேட்ச் ஓடியது. சூப்பர்வைசர் திரைக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர் பார்த்தது கழுத்துகளை. யார் அண்ணாந்திருக்கிறார்கள், யார் ஒருபக்கம் சாய்கிறார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கடைசி மூலைப் பெஞ்சில் பீகாரிலிருந்து வந்த பையன். இருப்பவர்களிலேயே குட்டையானவன், அந்த இடத்தில் அவனை உட்காரவைத்ததே அவர்தான். “தெரியுதாடா?” என்று இந்தியில் கேட்டார். “தெரியுது பய்யா” என்றான். ஆனால் அவன் பெஞ்சின் நுனிக்கு வந்து, இடுப்பை வளைத்து உட்கார்ந்திருந்தான். சூப்பர்வைசர் அவனைப் பின்னால் தள்ளி நேராக உட்காரவைத்தார். குச்சி வந்தது, நூல் வந்தது, ஹெல்மெட் வந்தது. நூல் ஹெல்மெட்டின் ஓரத்தை உரசியது.

“மூணு சூத்துதானே” என்றார் மிஸ்திரிஜி. பெஞ்சை அவர் திருகி முடித்து நான்கு மணி நேரம்தான் ஆகியிருந்தது. “உட்காருகிறவன் கொஞ்சம் சாய்ந்துகொள்வான்.”

சூப்பர்வைசர் பதில் சொல்லவில்லை. நூலை விடவும் இல்லை. மிஸ்திரிஜி ஹெல்மெட்டைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். பிறகு மண்டியிட்டு, ட்ரில் மிஷினின் பொத்தானைத் தலைகீழாகத் தள்ளினார். முதல் ஸ்க்ரூ கழன்று தரையில் உருண்டது.