யார் வரைந்த படகு?

ஃபோக்போட் என்பது 7.68 மீட்டர் நீளமும் 2.20 மீட்டர் அகலமும் உள்ள பாய்ப்படகு. நீருக்குள் 1.20 மீட்டர் அமிழும். மொத்த எடை இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவு. அதில் பாதி, அடியில் பூட்டிய இரும்பு. பெரும்பாயும் முன்பாயும் சேர்ந்து 24 சதுர மீட்டர். அறைக்குள் யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்து நுழையலாம், உட்காரலாம், படுக்கலாம், சின்ன அடுப்பில் காபி போடலாம், அவ்வளவுதான் வசதி. 1942இல் சுவீடனில் முதல் படகு நீரில் இறங்கியது. அதன்பின் டென்மார்க், ஜெர்மனி, பின்லாந்து, பிரிட்டன், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ என்று பரவி, 4,000க்கும் மேற்பட்ட படகுகள் இதே அளவில் கட்டப்பட்டிருக்கின்றன. சுவீடன் மொழியில் ‘ஃபோல்க்’ என்றால் மக்கள். பெயரின் பொருள் மக்கள் படகு.

இதை வரைந்தவர் யார் என்று தேடப் போனால் நூலுக்கு நூல் விடை மாறுகிறது. சில நூல்கள் தூர்ட் சுந்தேன் என்ற சுவீடன் வடிவமைப்பாளரைச் சொல்கின்றன. சில பட்டியல்களில் யாக் ஈவர்சன் என்ற பெயரும் அவரோடு சேர்ந்து வருகிறது. வேறு சிலவற்றில் ஆள் பெயரே இல்லை. ஸ்காண்டிநேவியப் பாய்ப்படகுக் கூட்டமைப்பு என்று மட்டும் இருக்கிறது. பாய்ப்படகு உலகில் இது விசித்திரம். அங்கே படகைச் சொல்வதற்கு முன் வரைந்தவர் பெயரைச் சொல்வார்கள். நல்ல கீர்த்தனையைப் பாடுமுன் இயற்றியவரைச் சொல்வது போல. என் தேடல் அந்த முரணில்தான் தொடங்கியது. தேடிய இடமெல்லாம் கடைசியில் ஒரு போட்டியில் கொண்டுபோய் விட்டது. அந்தப் போட்டியில் யாரும் வெற்றிபெறவில்லை.

1941இல் கூட்டமைப்பு அந்தப் போட்டியை அறிவித்தது. டென்மார்க்கும் நார்வேயும் அதற்கு முந்தைய ஆண்டே ஜெர்மனியின் பிடிக்குள் போயிருந்தன. சுவீடன் நடுநிலை காத்தது. சுற்றிலும் போர் நடக்கும்போது விடுமுறைப் படகுக்கு வரைபடம் கேட்டது இன்று படிக்க வியப்பாக இருக்கிறது. கேட்டது இதைத்தான்: விலை குறைவாக இருக்க வேண்டும், கடலைத் தாங்க வேண்டும், பந்தயத்திலும் ஓட வேண்டும், வார இறுதியில் குடும்பம் படுத்து உறங்க இடம் வேண்டும். 58 வரைபடங்கள் வந்தன. நடுவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, முழுமையாகப் பொருந்துவது எதுவுமில்லை என்று முடிவு செய்தார்கள். ஆனால் எல்லாவற்றையும் தள்ளிவிடவும் இல்லை. நன்றாக வந்தவற்றிலிருந்து ஒன்றில் ஒன்று, இன்னொன்றில் இன்னொன்று என நல்ல அம்சங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். அவற்றை இணைத்து ஒரே படகாக வரையும் வேலை சுந்தேனிடம் போனது. அப்படிப் பிறந்த முதல் படகு 1942 ஏப்ரலில் கோதன்பர்க்கில் நீரில் இறக்கப்பட்டது.

ஒரு குழு கூடி வரைந்த எதுவும் உருப்படாது என்பது உலகெங்கும் உள்ள நம்பிக்கை. இந்தப் படகு அதற்கு விலக்கு. சுந்தேனின் கை இல்லாமல் அந்த 58 தாள்களும் ஒரு படகாகியிருக்காது என்பதும் உண்மை. பல பேரின் அம்சங்களை ஒட்டுப்போடுவது எளிது. ஒட்டுத் தெரியாமல் ஒரே கோட்டில் அணியத்திலிருந்து பின்பலகை வரை கொண்டுவருவது வேறு வித்தை. ஆகவே ‘வரைந்தவர்’ என்ற சொல்லை அவருக்குக் கொடுப்பதில் தவறில்லை. ‘உருவாக்கியவர்’ என்ற சொல்லைக் கொடுக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

உருவாக்கம் என்று பார்த்தால், இந்த முயற்சிக்கு உந்துதலாக இருந்தவர் ஸ்வென் சலேன் என்ற கப்பல் அதிபர். 1936 ஒலிம்பிக்கில், கீல் நகரில் நடந்த ஆறு மீட்டர் வகைப் பந்தயத்தில் வெண்கலம் பெற்ற சுவீடன் குழுவின் தலைவர். அந்தக் குழுவில் அவர் மனைவி தாக்மாரும் இருந்தார். அதற்கு முன்பே, 1920களில், பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் நீளும் பெரிய முன்பாய் ஒன்றை இத்தாலியின் ஜெனோவாவில் பந்தயத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. இன்று உலகெங்கும் பாய்ப்படகுகளில் உள்ள அந்தப் பாய்க்கு ஊர்ப்பெயரே நிலைத்து, ஜெனோவா ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், சலேன் முன்னின்று உருவாக்கிய மக்கள் படகில் ஜெனோவாவுக்கு இடமில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டி ஓடும்போது விரிக்கும் ஸ்பின்னாக்கர் என்ற பலூன் பாயும் கிடையாது. அவை இருந்தால் ஒவ்வொரு ஆண்டும் புதுப் பாய் வாங்கியவரே வெல்வார் என்பதைப் பந்தயக்காரரான அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

இன்னும் பின்னால் போனால் ஏன் இப்படி ஒரு படகு தேவைப்பட்டது என்பது தெரியும். 1908இல் சுவீடனில் வந்த விதி, பாயின் பரப்பை மட்டும் கட்டி நிறுத்தி நீளத்தை விட்டுவிட்டது. விளைவாகப் படகுகள் ஊசியாக மெலிந்து நீண்டன. கண்ணுக்கு அழகு, விலையும் அப்படியே. 1920களின் இறுதியில் கோதன்பர்க்கின் அரச பாய்ப்படகுக் கழகம், இளைஞர்கள் வாங்கக்கூடிய மலிவுப் படகு ஒன்றைத் தேடியது. அதற்காக நார்வேயின் யோஹான் அங்கர் 1929இல் வரைந்ததுதான் டிராகன். அதில் இரண்டு பேர் படுக்க இடமும் இருந்தது. ஆனால் பந்தயக்காரர்கள் டிராகனைச் சும்மா விடவில்லை. 1948 முதல் 1972 வரை ஒலிம்பிக்கில் ஓடியது. படுக்கை போயிற்று, மலிவும் போயிற்று. ஃபோக்போட்டைத் திட்டமிட்டவர்களின் கண்முன் அந்தக் கதை ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

மறுபக்கம், நாடும் மாறியிருந்தது. 1928இல் பெர் அல்பின் ஹான்சன் சுவீடனை ‘மக்கள் இல்லம்’ ஆக்க வேண்டும் என்று பேசினார், பின்னர் பிரதமரானார். 1938இல் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பு சட்டமானது. விடுப்பு கிடைத்தவர்களுக்கு எதிரே ஆயிரக்கணக்கான தீவுகள் கிடந்தன, போவதற்குப் படகில்லை. ‘ஃபோல்க்’ என்ற முன்னொட்டு அந்தப் பத்தாண்டின் காற்றில் இருந்தது. படகுக்குப் பெயர் வைத்தவர்கள் அதிகம் யோசித்திருக்க மாட்டார்கள்.

வடிவத்தின் வேர் இதைவிடவும் பழையது. ஃபோக்போட்டின் பக்கங்கள் வழவழப்பாக இருக்காது, படிப்படியாக இறங்கும். ஓட்டுக்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மீது ஏறி நிற்பது போல, மேல் பலகையின் விளிம்பு கீழ்ப் பலகையின் மீது ஏறி நிற்கும். இதைக் கிளிங்கர் கட்டு என்பார்கள். தூத்துக்குடித் தோணியில் பலகைகள் விளிம்போடு விளிம்பு பொருந்தி நிற்கும். இடைவெளியில் பஞ்சுத் திரியை அடித்துக் கலப்பத்து செய்வார்கள். கிளிங்கரில் அந்த இடைவெளியே இல்லை. ஏறிய இடத்தில் வரிசையாகச் செப்பு ஆணிகளை இறக்கி, உள்ளே சிறு செப்பு வட்டைக் கோத்து, ஆணியின் முனையைத் தட்டி விரித்துவிடுவார்கள். பலகைக்குப் பலகை பிடிப்பு இருப்பதால் மெல்லிய மரமே போதும்; படகு இலேசாகவும் உறுதியாகவும் வரும். ஒன்று மட்டும்: இந்த வேலையை ஒருவர் தனியாகச் செய்வது பெரும்பாடு. வெளியே ஒருவர் கனமான இரும்பை ஆணித்தலையில் அழுத்திப் பிடிக்க, உள்ளே ஒருவர் சுத்தியலால் தட்ட வேண்டும். ஒரு படகில் இப்படி ஆயிரக்கணக்கான ஆணிகள்.

இந்த முறை வட ஐரோப்பாவின் சொத்து. டென்மார்க்கின் தெற்கே நீதாம் சதுப்பில் 1863இல் கான்ராட் ஏங்கல்ஹார்ட் தோண்டி எடுத்த ஓக் படகு கி.பி. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. சுமார் 23 மீட்டர் நீளம். பாய் கிடையாது, துடுப்புதான். அதன் பலகைகளும் இப்படித்தான் ஏறி நிற்கின்றன, ஆணி மட்டும் இரும்பு. நார்வேயில் 1880இல் கிடைத்த கோக்ஸ்டாட் கப்பல் 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. அதற்குப் பாயும் உண்டு, பலகைக் கட்டு இதே. அந்தக் கப்பலைப் போலவே ஒன்றைக் கட்டி, 1893இல் மக்னஸ் ஆண்டர்சன் என்ற நார்வே மாலுமி அட்லாண்டிக்கைக் கடந்து சிகாகோ உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். அலையேறும்போது உடல் நெளிந்து கொடுத்ததாம், உடையவில்லை. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ, டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகளின் கிளிங்கர் படகு மரபை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. 1941இன் நடுவர்கள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க முயலாமல் எந்தக் கரையோர ஓடாவிக்கும் கை பழகிய கட்டுமுறையை எடுத்துக்கொண்டதுதான், என் பார்வையில், அவர்கள் செய்த மிகப் புத்திசாலியான காரியம். அடிக்கு ஈயம் வைக்காமல் மலிவான இரும்பு வைத்ததும் அதே கணக்கு.

பிறகு படகு தன் வழியே போனது. பிரிட்டனில் பிளாண்டி ஹாஸ்லர், 1942 டிசம்பரில் சிறு தோணிகளில் போய் போர்தோ துறைமுகக் கப்பல்களைச் சேதப்படுத்திய அதே ராணுவ அதிகாரி, 1953இல் ஃபோக்போட்டின் வடிவை மாற்றி ‘ஜெஸ்டர்’ என்ற படகைக் கட்டிக்கொண்டார். அதில் கிளிங்கர் படிகளைக் கைவிட்டார்; பின்னர் சீனத்துப் பாயை மாட்டினார். காரணம் எளியது: மழையிலும் குளிரிலும் தளத்துக்கு வராமல் உள்ளிருந்தே பாயை ஏற்றி இறக்க வேண்டும். 1960இல் பிளைமத்திலிருந்து நியூயார்க்குக்குத் தனியாள் பந்தயம் நடக்க அவரே காரணம். ஐந்து பேர் போனார்கள். பிரான்சிஸ் சிச்செஸ்டர் 40 நாளில் முதலாவதாகச் சேர்ந்தார். ஜெஸ்டர் 48 நாளில் இரண்டாவது. நான்காவதாக வந்த வால் ஹவல்ஸின் ‘ஐரா’வும் ஃபோக்போட்தான். சிச்செஸ்டரின் படகு இதைவிட மிகப் பெரியது என்பதை நினைத்தால், மக்கள் படகு பெரிதாகத் தோற்றுவிடவில்லை. 1965இல் ஷாரன் சைட்ஸ் ஆடம்ஸ், டென்மார்க்கில் கட்டிய ஃபோக்போட்டில் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்கு 39 நாளில் தனியாகப் போனார். அப்படிப் போன முதல் பெண் அவர்.

ஜெஸ்டரைப் பின்னர் மைக் ரிச்சி வாங்கினார். 1988இல் அதே தனியாள் பந்தயத்தில் அது கடலோடு போயிற்று, அவர் பிழைத்தார். நண்பர்கள் சேர்ந்து அதே போன்ற இன்னொன்றைக் கட்டி 1992இல் இறக்கினார்கள். 2006 முதல் அதன் பெயரில் ‘ஜெஸ்டர் சேலஞ்ச்’ நடக்கிறது. விதிப்புத்தகம் இல்லாத சிறு படகுகளின் பயணம். ஒவ்வொருவரும் தமக்குத் தாமே பொறுப்பு.

படகின் வழித்தோன்றல்களும் உண்டு. 1960களின் நடுவில் பிரிட்டனில் வந்த கான்டெசா 26, ஃபோக்போட்டை அடியாகக் கொண்டது. டானியா ஏபி அதில்தான் 18 வயதில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு 1987இல் உலகைச் சுற்றி முடித்தார். சுந்தேனே 1960களின் பிற்பகுதியில் கண்ணாடி இழையில் சற்றே மாற்றிய படகை வரைந்தார்; அது ஆயிரக்கணக்கில் விற்றது. ஆனால் அது வேறு வகையாகவே கணக்கிடப்படுகிறது. மூலப் படகின் சொந்தக்காரர்கள் 1970களின் நடுவில்தான் கண்ணாடி இழைக்கு வழிவிட்டார்கள், அதுவும் ஒரு நிபந்தனையோடு: மரப்படகை விட வேகமாக ஓடக் கூடாது. டென்மார்க்கில் செய்த அச்சில் எடை மரப்படகுக்குச் சமமாக வந்தது. பலகை இல்லாத உடலில் பலகைப் படிகள்கூட அப்படியே வார்க்கப்பட்டன. பார்ப்பவருக்கு அது போலி அலங்காரம். பந்தயக்காரருக்கு, அப்பன் விட்டுப்போன மரப்படகு நாளையும் வெல்லலாம் என்ற உறுதி.

இந்தப் படகைச் சுற்றி ஒரு சமூகம் உருவானதற்கு அந்த விதிதான் அடிப்படை. எல்லாப் படகும் ஒன்றே என்பதால் யாருடைய படகையும் யாருக்கும் கொடுக்கலாம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் பன்னாட்டுப் பந்தயம் நடக்கும்போது டென்மார்க், சுவீடன், ஜெர்மனியிலிருந்து வருபவர்கள் வெறுங்கையோடு வருவார்கள். உள்ளூர்க்காரர்கள் படகையும் கொடுத்து வீட்டிலும் தங்கவைப்பார்கள். தன் படகில் வந்து தன்னையே தோற்கடித்துப் போகும் விருந்தாளிக்கு இரவு விருந்தும் உண்டு.

பனிக்காலம் முழுவதும் இந்தப் படகுகள் கரையில் கொட்டகைகளில் கிடக்கும். மரம் காய்ந்து சுருங்கும். வசந்தத்துக்கு முன் உரிமையாளர்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்று சுரண்டுவார்கள், வார்னிஷ் பூசுவார்கள், தளர்ந்த ஆணியை மாற்றுவார்கள். அதற்கும் இரண்டு பேர் வேண்டும் என்பதால் பக்கத்துப் படகுக்காரர் இரும்பைப் பிடிக்க வருவார். நீரில் இறக்கியதும் காய்ந்த படகு ஒழுகும். இது பழுதல்ல, வழக்கம். முதல் இரவு யாராவது ஒருவர் பம்ப்போடு உள்ளேயே படுத்துக்கொள்வார். அசந்து தூங்கினால் பக்கத்துப் படகிலிருந்து ஒரு குரல் எழுப்பும். ஓரிரு நாளில் பலகை ஊறிப் பருத்து, ஒழுக்கு தானாக நின்றுவிடும்.