கோடு எங்கே இருக்கு?

கடையநல்லூர்ப் பையன் ஒருவன் படிப்புக்காக ஈக்வடார் போய், கீட்டோவில் ஒரு குடும்பத்தோடு தங்கினான். முதல் ஞாயிறே அவனை 'மித்தாத் தெல் முந்தோ'வுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். 1982-ல் கட்டி முடித்த 30 மீட்டர் நினைவுச்சின்னம், உச்சியில் உலக உருண்டை, தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்துப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பியும் ஆச்சு. அப்புறம்தான் அந்த வீட்டுச் சின்னப் பெண் குட்டை உடைத்தாள். நிஜக் கோடு இங்கே இல்லையாம், சுமார் 240 மீட்டர் வடக்கே! (1736-லேயே பிரெஞ்சுக்காரர்கள் வந்து மலை மலையாக ஏறி அளந்த பகுதி இது.)

பக்கத்து இன்டிஞான் அருங்காட்சியகத்தில் இன்னொரு கோடு. தொட்டித் தண்ணீர் அதற்கு வடக்கே ஒரு மாதிரி, தெற்கே எதிர்மாதிரி சுழன்று வடிந்தது. அவ்வளவு சின்னத் தொட்டியில் பூமியின் சுழற்சி ஒன்றும் செய்யாது, ஊற்றுகிற கையின் வேலைதான் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்கார அம்மா அவன் முகத்தையே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கை தட்டினான்.

வெளியே வந்தபோது அங்கே மதியம் 12, ஊரில் இரவு 10.30. அம்மா தூங்கவில்லை.

"ஏல, கோட்டுல நின்னியா?"

கடையநல்லூரிலிருந்து நேர் தெற்கே ஆயிரம் கிலோமீட்டர் போனாலும் அதே கோடுதான். என்ன, நடுக்கடல், நிற்க முடியாது.

"நின்னேம்மா."

அந்த 240 மீட்டரை அவன் சொல்லவில்லை.