தையல் மெசினும் ஒரு கடிதமும்

செவ்வாய்க்கிழமை என்றால் எங்கள் ஹொட்டலில் மத்தியானம் இருபத்தைந்து பேருக்கு ஒரே சாப்பாடு. முதலில் சூப், பிறகு இறைச்சியோ மீனோ, கடைசியில் கஸ்ரட் ஊற்றிய புடிங். பன்னிரண்டே முக்காலுக்கு வருவார்கள். இரண்டு மணிக்குத் தலைவர் ஒரு சின்ன மணியை அடிப்பார், கலைந்து போவார்கள். ஓய்வுபெற்ற வங்கி மனேஜர், பல் டொக்டர், தளபாடக் கடைக்காரர் என்று இங்கிலாந்தின் ஒரு சின்ன நகரத்தின் பெரிய மனிதர்கள். ஒரு சேவைக் கழகம். றொட்டறியா, லயன்ஸா, வேறொன்றா என்று எழுதப்போவதில்லை. அவர்கள் சாப்பிடுகிற சாப்பாட்டிலும் என் சம்பளம் இருக்கிறது.

நான் சொல்லப்போவது 2013இல் நடந்தது. அப்போது நான் கோப்பை கழுவுகிற இடத்திலிருந்து மரக்கறி வெட்டுகிற இடத்துக்கு உயர்ந்திருந்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தபோது 2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. அதோடு என் படிப்பும் பூட்டுப்பட்டது. பழைய கதை, விடுவோம்.

ஆரம்பத்தில் எனக்கு இவர்களைக் கண்டால் சிரிப்புத்தான். சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டபடி ஆபிரிக்காவில் தண்ணீர் இல்லை என்று கவலைப்படுகிற கூட்டம் என்று குசினிக்குள் பகிடி விடுவேன். வருடத்தில் ஒருநாள் ஆயிரக்கணக்கான மஞ்சள் பிளாஸ்ரிக் வாத்துகளை ஆற்றில் மிதக்கவிட்டுப் பந்தயம் வைப்பார்கள். ஒரு வாத்துக்கு ஒரு பவுண். நத்தாருக்கு முன்னம் சுப்பர்மார்க்கற் வாசலில் சிவப்புத் தொப்பியோடு வாளி குலுக்குவார்கள். எழுபது வயது மனிதர் குளிரில் மூன்று மணித்தியாலம் நின்று சில்லறை சேர்ப்பதைப் பார்த்த பிறகுதான் என் பகிடி கொஞ்சம் அடங்கியது.

இந்தக் கழகங்கள் செய்ததும் சின்ன விசயம் அல்ல. றொட்டறி 1905இல், லயன்ஸ் 1917இல், இரண்டுமே சிக்காகோவில் தொடங்கியவை. லயன்ஸ்காரருக்குக் கண் பார்வை முக்கியமான வேலையானது 1925இல் ஹெலன் கெல்லர் அவர்களின் மாநாட்டில் வந்து கேட்ட பிறகு. றொட்டறி 1985இல் போலியோவை உலகத்திலிருந்தே ஒழிப்பதென்று இறங்கியது. 1988இல் வருடத்துக்கு ஏறக்குறைய 350,000 பேரைப் பிடித்த நோய், இன்று ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் மட்டும்தான் அறுபடாமல் இருக்கிறது. இலங்கையில் கடைசி ஆள் 1993இல். சொட்டுமருந்துக்காக எங்கள் நாட்டில் இரண்டு பக்கமும் சண்டையை நிறுத்திய நாட்களும் இருந்தன. வேறெதற்காகவும் அவ்வளவு லேசில் நிறுத்தினார்களா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன்.

2012இல் எங்கள் செவ்வாய்க்கிழமைக்காரர் வன்னியில் மீளக்குடியேறிய பெண்களுக்குத் தையல் மெசின் கொடுக்கக் காசு அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த வருடம் அங்கிருந்து ஒரு உறை வந்தது. படங்கள், பற்றுச்சீட்டுகள், அதோடு கொப்பித் தாளில் தமிழில் எழுதிய ஒரு கடிதம். 'உங்கள் குசினியில் ஒரு சிறிலங்கன் இருக்கிறார் அல்லவா' என்று தலைவர் மனேஜரிடம் கேட்க, என்னை ஏப்ரனோடு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கையில் வெங்காய மணம். இருபத்தைந்து வெள்ளைத் தலைகள் என்னைப் பார்த்துச் சிரித்தன.

முதலில் மனதுக்குள் வாசித்தேன். எழுதியிருந்தது ஒரு அக்கா. முல்லைத்தீவுப் பக்கம், மூன்று பிள்ளைகள், மனுசன் இல்லை. அவர் எழுதியதை நினைவிலிருந்து தருகிறேன்:

"ஐயாமாருக்கு வணக்கம். நீங்கள் அனுப்பின மெசின் கிடைச்சது, நன்றி. குறை சொல்லுறன் எண்டு நினைக்கவேண்டாம். எங்கட ஒழுங்கையில மட்டும் இப்ப ஒன்பது மெசின் நிக்குது. வேற வேற ஆக்கள் தந்தது. எல்லாரும் தைச்சால் ஆர் தைப்பிக்கிறது? சனம் சந்தையில தைச்ச உடுப்புத்தான் வாங்குது. எங்கட கிணறு இடம்பெயர்ந்தபடியே தூர்ந்துபோய்க் கிடக்குது. அதை இறைச்சுத் துப்பரவாக்கித் தந்தால் நான் தோட்டம் செய்வன். மெசினைத் திருப்பித் தாறன். ஏலுமெண்டால் செய்யுங்கோ."

நான் நிமிர்ந்து சொன்னது இதுதான்: "அவர் மிகவும் நன்றி சொல்கிறார். உங்களுக்காகக் கடவுளை வேண்டுகிறாராம்."

கைதட்டினார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். கடவுளைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இருக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். வேலைக்குப் பயந்து என்று சொன்னால் பாதி பொய். வெட்கம். கொடுத்ததை வைத்துக்கொண்டு குறை சொல்கிறார்கள் என்று எங்கள் சனத்தை இவர்கள் நினைத்துவிடுவார்கள் என்ற வெட்கம். அந்த அக்காவுக்கு இல்லாத வெட்கம் எனக்கு எங்கிருந்து வந்தது?

அடுத்த செவ்வாய் கோப்பி கொண்டுபோனபோது காதில் விழுந்தது. கடிதம் எல்லாரையும் உருக்கிவிட்டதாம். இந்த வருடமும் மெசின்தான் என்று தீர்மானமாம், இன்னும் இருபது.

அன்றிரவு நித்திரை வரவில்லை. மற்றக் கிழமை, குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் சிகரெட் பிடிக்க வந்த பொருளாளரிடம் என் உடைந்த ஆங்கிலத்தில் முழுவதையும் சொன்னேன். முன்னாள் வங்கி மனேஜர் அவர்தான். சிகரெட் முடியும்வரை பேசவில்லை. பிறகு, "கிணறு எத்தனை அடி?" என்று கேட்டார்.

மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கிணறு எத்தனை அடி!

எனக்குத் தெரியவில்லை. "அப்படியென்றால் கேட்டு எழுது" என்றார். காசு இன்னும் போகவில்லையாம்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் திருப்பணி என்று நாங்கள் அனுப்புவது கொஞ்சக் காசா? என் பள்ளிக்கூடத்துக்கு வளைவு கட்ட நானும் 150 பவுண்ஸ் கொடுத்தேன். பேர் கல்லில் இருக்கிறது. வளைவுக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு ஒழுங்கான மலசலகூடம் இல்லை என்று பிறகுதான் அறிந்தேன். ஊரில் யாரிடமும் நாங்கள் கேட்கவில்லை. எங்கள் ஊர்தானே, எங்களுக்குத் தெரியாததா என்ற எண்ணம். வெள்ளைக்காரனுக்காவது தனக்குத் தெரியாது என்பது தெரியும், கேட்டால் கேட்பான்.

இன்று றொட்டறியின் உலக மானியம் எடுப்பதென்றால் திட்டம் 30,000 டொலருக்குக் குறையக்கூடாது, வேலை நடக்கிற நாட்டிலும் வெளிநாட்டிலும் ஒவ்வொரு கழகம் சேர்ந்து பொறுப்பெடுக்கவேண்டும், ஊர்ச்சனத்தின் தேவையை விசாரித்த அறிக்கையும் வைக்கவேண்டும். நல்ல விதி. ஆனால் வாத்துப் பந்தயத்துக் காசை ஒரு சின்னக் கழகம் நேரே அனுப்பினால் அந்தக் கட்டாயம் இல்லை. அங்கேதான் ஒழுங்கைக்கு ஒன்பது மெசின் வருகிறது.

நான் அக்காவுக்கு எழுதினேன். பதில் வர மூன்று மாதம். இரண்டு பக்கம். கிணறு 22 அடி, அதில் பாதிக்கு மேல் மண். நாலு பேர் ஆறு நாள் வேலை, ஒரு நாள் கூலி இவ்வளவு, இறைக்கிற மெசின் வாடகை இவ்வளவு, கட்டுத் திருத்த சீமெந்து இத்தனை பை. பக்கத்து வளவுகளின் கிணறுகள் நாலுக்கும் தனித்தனியாகக் கணக்கு. பொருளாளர் என் மொழிபெயர்ப்பைக் கண்ணாடி போட்டு வாசித்து, கூட்டலைச் சரிபார்த்தார். ஒரு ரூபாய் பிழையில்லை.

கடைசியில் எனக்கென்று ஒரு வரி இருந்தது. "தம்பி எந்த ஊர்? முந்தின கடிதமும் நீங்கள்தானோ வாசிச்சுச் சொன்னது?"

அதையும் மொழிபெயர்த்துத்தான் கொடுத்திருந்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அந்த வருடம் இருபது மெசின் போகவில்லை. ஐந்து கிணறுக்குக் காசு போனது. 2014 வைகாசியில் படம் வந்தது: சேற்றோடு நாலு பேர், கிணற்றுக் கட்டில் அக்கா. மெசினையும் அவர் திருப்பிக் கொடுத்துவிட்டதாக அங்குள்ள கழகம் எழுதியிருந்தது. அதை என்ன செய்வதென்று அடுத்த செவ்வாய் அரை மணித்தியாலம் விவாதித்தார்கள். புடிங் ஆறிப்போனது.