ஹல்டே மலைக்குப் போனோம்

2024 மே 10ஆம் திகதி இரவு லண்டனிலிருந்து தம்பி தொலைபேசி எடுத்தான். "அண்ணை, வானம் சிவப்பும் பச்சையுமாக் கிடக்கு. வெளியில வந்து பாருங்கோ!"

வடதுருவ ஒளிக்குப் பேர்போன அல்டாவில் முப்பது வருடத்துக்கு மேலாக இருப்பவன் நான். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மே மாதத்தில் இங்கே இரவு இருட்டாவதில்லையே! 2003க்குப் பின் வந்த மிகப் பெரிய சூரியப் புயல் தலைக்கு மேலால் போயிருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த எரிச்சலில்தான் யூலையில் மகளுடன் ஹல்டே மலை ஏறினேன். கோஃபியோர்ட் கரையில் காரை விட்டு ஒன்பது கிலோமீற்றர் நடக்கவேண்டும். முழங்கால் நோ உள்ளவர்கள் யோசித்துப் போகவும். பாதி வழியில் மரங்கள் முடிந்துவிடும். பிறகு கல்லும் காற்றும்தான்.

900 மீற்றருக்குச் சற்று மேலே உச்சியில் ஒரு கல்வீடு. துருவ ஒளி சூரியனிலிருந்து வரும் துகள்களால் உண்டாகிறது என்று நம்பிய கிறிஸ்தியான் பிர்க்கலான், அதை அளந்து பார்க்க 1899 இல் கட்டுவித்தது. பின்னர் 1912 இலிருந்து ஆய்வாளர்கள் பிள்ளைகுட்டிகளோடு மாரியிலும் இங்கேயே வாழ்ந்தார்கள். யூலையிலேயே நாங்கள் நடுங்கினோம்! 1944 இல் பின்வாங்கிய ஜெர்மன் படைகள் எரித்ததை, பிற்காலத்தில் திருத்தியிருக்கிறார்கள்.

"லண்டனுக்கு வாறது முதலே தெரியாதா அப்பா?" என்றாள் மகள்.

தெரியும், ஆனால் அரைகுறையாக. சூரியனில் வெடிப்பு நடந்ததை எட்டு நிமிடத்தில் காணலாம்; அது ஒளி வந்துசேரும் நேரம். வெடிப்பு வீசியெறியும் மின்துகள் முகில் 15 கோடி கிலோமீற்றரைக் கடந்து பின்னால் வருகிறது. 1859 இல் ஒன்று பதினேழரை மணித்தியாலத்தில் வந்தது. வேறு சில மூன்று நான்கு நாள் எடுக்கும். முன்னே போன முகில் வழியைத் துடைத்துவிட்டால் பின்னது விரைந்துவிடும். நேரே நம்மை நோக்கி வருவதன் வேகத்தை அளப்பதும் கடினம். ஆகவே கணக்குப் பத்து மணித்தியாலம் முன்பின்னாகப் பிழைப்பது சாதாரணம்.

அதைவிடப் பெரிய தொல்லை, முகிலின் காந்தப்புலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. தெற்கே பார்த்தால்தான் பலத்த அடி. பூமிக்கு 15 இலட்சம் கிலோமீற்றர் முன்னே நிற்கும் செய்மதிகளைத் தொட்ட பிறகே அது தெரியவரும். அப்போது மிஞ்சும் அவகாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. 1989 மார்ச் 13 விடியற்காலை கியூபெக்கில் மின்சாரம் நின்று 60 இலட்சம் பேர் இருட்டில் இருந்தார்கள். மொன்றியலில் அன்றிருந்த நம்மவர்களுக்கு ஞாபகமிருக்கும்.

சொல்லிக்கொண்டிருக்கையில் அம்மா நினைவுக்கு வந்தார். 1990 இல் நான் கொழும்பில் விமானம் ஏறியது அவருக்குத் தெரியும். சேர்ந்த செய்தி ஊருக்குப் போக ஐந்து மாதமாயிற்று. "வெளிக்கிட்டது தெரியும் தம்பி, போய்ச் சேர்ந்தாய் எண்டுதான் ஒருத்தரும் சொல்லேல்லை" என்று முதற் கடிதத்தில் எழுதியிருந்தார். அந்த ஐந்து மாதமும் தினம் தபாற்காரனுக்காகப் படலையில் நின்றாராம். மகளுக்கு இதை நான் முன்பு சொன்னதில்லை. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இங்கே பொறுப்பாயிருந்த குறொக்னெஸ் என்பவர், துருவ ஒளியோடு நிற்காமல் கீழே கடலில் இருந்த மீனவர்களுக்குப் புயல் எச்சரிக்கையும் கொடுக்கத் தொடங்கினார். 1918 இல் துறொம்சோவில் ஆரம்பித்த புவியியற்பியல் நிலையத்துக்கும் அவரே தலைவர். எனக்குப் பிர்க்கலானைவிட இவரில்தான் மதிப்புக் கூட.

பிர்க்கலானை நம்மவர்கள் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். 1994 இல் வந்த 200 குரோணர் தாளில் இருந்தவர் அவர்தான். எத்தனை தரம் எண்ணி ஊருக்கு அனுப்பியிருப்போம், ஆரென்று பார்த்தோமா? 2017 இல் வந்த புதுத் தாளில் அவருக்குப் பதில் கொட் மீன். மீன் தொழிற்சாலையில் நாள் முழுக்க நாங்கள் வெட்டிய அதே மீன்!

செப்டெம்பரில் இருட்டு வந்ததும் திரும்ப ஏறுவோம் என்று மகளுக்குச் சொல்லி இறங்கினேன். முழங்கால் மட்டும் சம்மதிக்கவில்லை.