வண்டியைத் தூக்குனா சேறு வழி விடுமா?

ஐப்பசி மழையில எங்க வாய்க்கா ரோடு சேத்து வயல் மாதிரி ஆயிடும். வாழைத்தார் ஏத்துன லோடு வண்டி நடுவழியில உக்காந்துக்கும். "கமான்ல ரெண்டு பட்டை சேத்துத் தூக்கி, பெரிய டயர் போட்டுரலாம் மாமா"ங்கிறான் அக்கா மகன்.

டவுன்ல இருக்குற உங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். பட்டை சேர்த்தால் பாடிதான் உயரும், டயருக்கு இடம் கிடைக்கும். சேத்துல தட்டுறதோ பின் அச்சு நடுவுல குண்டா இருக்குற டிஃபரன்ஷியல். அது உயர டயர்தான் பெருசாகணும். டயர் உயரம் 2 இஞ்ச் கூடினா அது ஏறுறது 1 இஞ்ச்தான். அதுக்கு இழுவை குறையும், ஸ்பீடாமீட்டர் கம்மியாக் காட்டும், எஃப்.சி.யிலயும் கேள்வி வரும். பின் சக்கரம் மட்டும் இழுக்குற வண்டி, எவ்வளவு தூக்குனாலும் முன் சக்கரம் இழுக்கப் போறதில்ல.

தார் ஏத்துன வண்டி உயர உயர, கரையில சாயுற பயமும் கூடும்.

"அந்தக் காசுல பள்ளத்துக்கு கிராவல் அடிப்போம்டா"ன்னேன். அவன் முகம் தொங்கிப் போச்சு. தொங்கட்டும். அறுப்பு நாள்ல அந்தத் தார் மேல உக்காந்து வர்றது அவங்கம்மா, எங்க அக்கா.