மூன்று நிமிடப் பாடம் எங்கே பிறந்தது?

"சார், மூணு நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினா பிள்ளைங்க பார்க்க மாட்டாங்க."

பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடக் காணொளிகளுக்கு எழுதிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தபோது எனக்குச் சொல்லப்பட்ட முதல் விதி இது. ஒளிச்சேர்க்கைக்கு மூன்று நிமிடம். பின்னத்துக்கும் அதே மூன்று நிமிடம்தான். ஆகுபெயர், பல்லவர் காலக் கோயில்கள், கிராமசபை என்று எதை எடுத்தாலும் அளவு மாறாது. ஏன் மூன்று என்று எடிட்டரிடம் கேட்டேன். அவருக்கும் யாரோ சொன்னதுதான். அந்த யாரோவிடமும் கேட்டேன்; அவருக்கு இன்னொருவர் சொல்லியிருந்தார். லட்சக்கணக்கான பிள்ளைகள் கற்பதை ஒரு விதி அளந்து வெட்டுகிறது என்றால், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதற்குக் கட்டுப்பட எனக்கு மனம் வரவில்லை. தேடத் தொடங்கினேன்.

முதலில் யூடியூப் பக்கம் போனேன். இன்றைய பாடக் காணொளி என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருபவர் சல்மான் கான். பாஸ்டனில் முதலீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். 2004இல் நியூ ஆர்லியன்ஸில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைபேசி வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கேட்கும் பிள்ளைகள் பெருகவே 2006இல் பாடங்களைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றினார். அவை ஏன் பத்து நிமிடத்துக்குள் நின்றன? அன்று யூடியூப் வைத்திருந்த உச்சவரம்பு பத்து நிமிடம். அவ்வளவுதான் காரணம். அவரே இதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார். நேரில் சொல்லித் தருவதைவிடக் காணொளியே நன்றாக இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் அவரிடமே சொன்னார்களாம். புரியாத இடத்தில் நிறுத்தலாம், பின்னே போய் மறுபடி கேட்கலாம், "இது கூடவா தெரியாது" என்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நிறுத்தலாம் என்பதை மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

ஆனால் மூன்று நிமிடம் அதற்கும் முந்தியது. அந்தத் தடம் 1970களின் நியூயார்க் விளம்பர நிறுவனம் ஒன்றுக்குக் கொண்டுபோய்விட்டது. டேவிட் மெக்கால் என்ற விளம்பரக்காரரின் மகனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு மனத்தில் நிற்கவில்லை. ராக் பாடல்களோ வரி பிசகாமல் வந்தன. அப்படியானால் வாய்ப்பாட்டையே பாட்டாக்கிவிட்டால் என்ன? பாப் டோரோ என்ற ஜாஸ் இசைக்கலைஞரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு அவர் ஒரு பாட்டோடு வந்தார். பாட்டைக் கேட்ட டாம் யோ என்ற கலை இயக்குநர் அதற்குப் படம் வரைய ஆரம்பித்தார். முதலில் இசைத்தட்டாக எண்ணியிருந்தது இப்படித்தான் சின்னச் சின்னக் கார்ட்டூனாக மாறியது. 1973 ஜனவரியில் ஏபிசி தொலைக்காட்சி, சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன்களுக்கு நடுவே, மும்மூன்று நிமிடமாக 'ஸ்கூல்ஹவுஸ் ராக்' படங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. கணக்கில் தொடங்கி இலக்கணம், வரலாறு, குடிமையியல், அறிவியல் என்று வளர்ந்தது. ஒரு மசோதா எப்படிச் சட்டமாகிறது என்பதை அந்த மசோதாவே படிக்கட்டில் உட்கார்ந்து பாடும் 1976ஆம் ஆண்டுப் படத்தை அமெரிக்காவில் ஒரு தலைமுறை இன்றும் மறக்கவில்லை.

அந்த மூன்று நிமிடத்தை எந்த உளவியல் ஆய்வும் தரவில்லை. ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் இடையே கிடைத்த இடுக்கு அது. விளம்பரம் போடுகிற இடத்தில் பாடத்தை வைத்தார்கள்; வைத்தவர்களும் விளம்பரக்காரர்கள்.

இன்னும் நான்கு ஆண்டு பின்னால் போனால் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி. 1966இல் நியூயார்க்கில் ஜோன் கான்ஸ் கூனி வீட்டு விருந்தில் எழுந்த பேச்சுதான் அதன் வித்து. கார்னகி அறக்கட்டளையில் இருந்த லாயிட் மாரிசெட், தன் மூன்று வயது மகள் விடியற்காலையிலேயே எழுந்து, நிகழ்ச்சி தொடங்கும்வரை வெறும் சோதனைக் கோலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைச் சொன்னார். தொலைக்காட்சி இவர்களுக்கு எதையாவது கற்பிக்குமா என்பது அவர் கேள்வி. பிள்ளைகள் பீர் விளம்பரப் பாட்டைக்கூட மனப்பாடமாகப் பாடுவதைக் கூனி கவனித்திருந்தார். 1969 நவம்பர் 10 அன்று முதல் நிகழ்ச்சி வந்தபோது, சோப்பையும் பற்பசையையும் விற்பதைப் போலவே எழுத்துகளையும் எண்களையும் சிறு சிறு துண்டுகளாக, திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பொம்மைகளைத் தந்த ஜிம் ஹென்சனும் பத்து விநாடி காப்பி விளம்பரங்களில் கை பழகியவர்தான்.

இவ்வளவோடு நின்றிருந்தால், பாடக் காணொளி விளம்பரத்தின் பிள்ளை என்று எழுதி முடித்திருப்பேன். நிற்கவிடாமல் செய்தவர் எட்வர்ட் பால்மர். செசமி ஸ்ட்ரீட்டின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர். ஒரு குழந்தையைத் தொலைக்காட்சிக்கு முன் உட்காரவைப்பார். பக்கத்திலேயே இன்னொரு திரை. அதில் ஏழெட்டு விநாடிக்கு ஒருமுறை வேறு வேறு படம் மாறும். குழந்தையின் கண் எப்போது பாடத்தை விட்டு விலகிப் பக்கத்துத் திரைக்குப் போகிறது என்று விநாடிக் கணக்கில் குறித்துக்கொள்வார்கள். கண் விலகிய இடம் திரும்ப எழுதப்படும். 1969 ஜூலையில் பிலடெல்பியாவில் சோதனை நிகழ்ச்சிகளைப் போட்டுப் பார்த்தபோது, பெரியவர்கள் மட்டும் தெருவில் நின்று பேசும் காட்சிகளில் பிள்ளைகளின் கவனம் சரிந்தது. கற்பனைப் பொம்மைகளை நிஜத் தெருவில் கலக்காதீர்கள் என்று நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளின் கண்ணோ வேறு தீர்ப்புச் சொன்னது. நிபுணர்களை ஒதுக்கிவிட்டுப் பிள்ளைகளின் தீர்ப்பை ஏற்றார்கள். பிக் பேர்ட், ஆஸ்கர் என்ற பொம்மைகள் தெருவுக்குள் வந்தது அப்படித்தான்.

இதைப் படித்தபின் என் தேடலின் திசையே மாறியது. எத்தனை நிமிடம் என்பதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு காலத்திலும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தது யார் என்று தேடினேன்.

அந்தக் கேள்வியோடு நம் நாட்டுக்கு வந்தால் கிடைப்பது ஒரு புதையல். 1969இல் விக்ரம் சாராபாய் காலத்தில் நாசாவுடன் போட்ட ஒப்பந்தத்தின்படி, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டுக்கு இந்தியாவுக்காக இயங்கியது. 'சைட்' என்ற அந்தத் திட்டத்தை ஆமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்திலிருந்து நடத்தியவர் இயற்பியலாளர் யஷ் பால். ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். கம்பிவலையில் செய்த பத்தடிக் குடை ஆன்டெனா, பள்ளியிலோ பொது இடத்திலோ ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. ஆனால் கடலுக்கு அப்பால், தொலைக்காட்சியே வராத அன்றைய இலங்கையில், ஒரு குடை வானம் பார்த்து நின்றது. கொழும்பில் வசித்த ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டில் நம் பொறியாளர்கள் நிறுவிக்கொடுத்தது அது. அப்படியொரு செயற்கைக்கோள் தொடர்பை 1945லேயே எழுதிவைத்தவருக்குப் பொருத்தமான மரியாதை.

காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம். அதை இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என நான்கு மொழிகள் பங்குபோட்டுக்கொண்டன. மொழிக்கு இருபத்திரண்டரை நிமிடம். இங்கும் நீளத்தைப் பிள்ளை தீர்மானிக்கவில்லை. வகுத்தல் கணக்குத் தீர்மானித்தது. ஆனால் ஒளிபரப்போடு கடமை முடிந்தது என்று விட்டுவிடவில்லை. ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுத்தார்கள். சில கிராமங்களில் மானுடவியல் ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் தங்கி, யார் பார்க்கிறார்கள், பார்த்தபின் என்ன பேசுகிறார்கள் என்று எழுதினார்கள். பிள்ளைகளிடம் மொழி வளர்ச்சியும் தெரிந்துகொள்ளும் ஆவலும் கூடியிருந்தன. பள்ளி வருகை கூடவில்லை. பலித்ததையும் பலிக்காததையும் சேர்த்தே பதிவுசெய்த அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சைட்டுக்குப் பிள்ளைகள் படம் எடுக்க டெல்லியில் கல்வித் தொழில்நுட்ப மையத்துக்குத் தலைமை ஏற்றவர் விஜயா முலே. அவர் பெயர் தெரியாவிட்டாலும் அவர் படத்தைத் தூர்தர்ஷன் காலத்துப் பிள்ளைகள் யாரும் மறந்திருக்க முடியாது. 1974இல் பிலிம்ஸ் டிவிஷனுக்காக அவர் எடுத்த 'ஏக் அநேக் அவுர் ஏக்தா'. பீம்சேனின் அனிமேஷன். ஒன்று என்றால் என்ன, பல என்றால் என்ன என்று தம்பி தங்கைகள் கேட்க, அக்கா வானத்தையும் மரத்தையும் காட்டித் தொடங்கி, வேடன் வலையோடு பறந்த பறவைகளின் கதைக்கு வருகிறாள். ஏழு நிமிடம். மழலையில் தொடங்கி, எண், மொழி, கூடி வாழ்தல் என எல்லாம் அதற்குள் வந்துவிடும். இந்தி தெரியாத எங்கள் வீட்டிலேயே அது புரிந்தது. அந்தப் படத்தில் யாரும் திரையைப் பார்த்து விரிவுரை ஆற்றுவதில்லை. கேட்கும் பிள்ளையும், பொறுமையாகப் பதில் சொல்லும் அக்காவும் திரைக்குள்ளேயே இருக்கிறார்கள். முலே 2019இல் 98 வயதில் மறைந்தார்.

மூலம் வேண்டும் என்று இன்னும் பின்னே போனால் 1910இல் ஃபிராங்க் பெர்சி ஸ்மித் நிற்கிறார். லண்டனில் கல்வி வாரியத்தில் எழுத்தர். பாடத்துக்குப் படம் எடுக்கலாம் என்று மேலதிகாரிகளிடம் சொல்லிப் பார்த்தார், காதில் போட்டுக்கொள்ளவில்லை. சார்லஸ் அர்பன் என்ற படத்தயாரிப்பாளர் அவரை அழைத்துக்கொண்டார். மொட்டு அவிழ்வதைச் சில விநாடிகளில் காட்டும் 'மலரின் பிறப்பு' பிறந்தது. மூன்றாண்டு கழித்து எடிசன், பத்தே ஆண்டில் பள்ளிமுறை அடியோடு மாறும், பாடப்புத்தகம் வழக்கொழியும் என்றார். அந்தப் பேச்சு வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் அப்படியே மாற்றி மாற்றிச் சொல்லப்பட்டுவருகிறது. ஸ்மித்தின் பூவோ இன்றும் பார்க்கும்போது மனத்தை அள்ளுகிறது.

இத்தனையும் தெரிந்தபின் என் காணொளிகளையே ஒரு பிள்ளை பார்ப்பதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மாலை நேர வகுப்பு. தன்னார்வலராக இருந்த இளம்பெண் கைபேசியில் பின்னப் பாடத்தைப் போட்டார். நான் திரைக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். வட்டமான பீட்சா நான்காக வெட்டப்பட்டது. இரண்டு பையன்களின் பார்வை வாசலில் படுத்திருந்த நாய்க்குப் போய்விட்டது. ஒரு சிறுமி மட்டும் கேட்டாள்: "அக்கா, எங்க வீட்ல தோசையைப் பிச்சுத்தான் தருவாங்க. வெட்ட மாட்டாங்க. பிச்சா எப்படிக் கால்னு சொல்றது?"

பின்னத்தின் உயிர்நாடியே அந்தக் கேள்விதான். பங்குகள் சமமாக இருந்தால்தான் கால், அரை என்று சொல்ல முடியும். பிய்த்த தோசையில் நான்கு துண்டு இருக்கும், நான்கு கால் இருக்காது. மூன்று நிமிடமும் இசை வாசித்து, வண்ணம் காட்டி, நான் எழுதியதில் அது அழுத்தமாக வரவே இல்லை. அந்தத் தன்னார்வலர் கைபேசியை நிறுத்திவிட்டு ஒரு தாளை எடுத்தார். ஒருமுறை மடித்துக் கிழித்தார். ஒருமுறை மடிக்காமல் கிழித்தார். நாயைப் பார்த்துக்கொண்டிருந்த பையன்களும் நெருங்கி வந்துவிட்டார்கள். பாதியில் நின்ற காணொளியை அன்று யாரும் திரும்பக் கேட்கவில்லை.

இன்று தமிழில் பாடக் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பாடப்புத்தகத்திலேயே க்யூஆர் குறியீடு இருக்கிறது. கொரோனா ஊரடங்கு மாதங்களில் பள்ளிப் பாடம் என்று பல வீடுகளுக்குப் போனதே இவைதான். அரசும் ஆசிரியர்களும் தனியாரும் ஆயிரக்கணக்கில் எடுத்துக் குவிக்கிறோம். செசமி ஸ்ட்ரீட்காரர்களிடமிருந்து வேகத்தையும் வண்ணத்தையும் பாட்டையும் எடுத்துக்கொண்டோம். அவர்கள் பிலடெல்பியாவில் செய்த வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் நம்மிடம் இருக்கிறது. எந்த விநாடியில் எந்தப் பிள்ளை கண்ணைத் திருப்பினாள் என்ற குறிப்பு இல்லை.

நிமிடக் கணக்குக்கு நான் சண்டை போடப்போவதில்லை. படம் எடுக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வெளியிடுவதற்கு முன் நான்கு பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டி, திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். அவர்கள் கண் விலகிய இடத்தை மாற்றி எழுதிவிட்டு வெளியிடுங்கள். பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளையிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், பாதியில் ஒருமுறை நிறுத்தி, பார்த்ததைச் சொல்லச் சொல்லுங்கள்.